பூசையில் வைத்த கமரா

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஆயுத பூசையன்று எங்கள் தோட்டப்புறங்களில் என்னென்ன பூசைக்கு வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, லொறி, தொழிற்சாலை இயந்திரம், பிள்ளைகளின் பாடப்புத்தகம் என்று எல்லாமே சந்தனமும் குங்குமமும் பெற்றுக்கொள்ளும். அன்று அவற்றுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி. பூசையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படித்தாக வேண்டும். கத்தியை எடுத்து ஒரு வாதையாவது வெட்டியாக வேண்டும். கருவியை வணங்குவதற்கு ஒரு நாள், வழங்குவதற்கு மற்றைய நாட்கள் என்று நம் பெரியவர்கள் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சிறுவயது முதல் பார்த்து வந்த இந்த வழக்கத்தின் பொருளை எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய கமரா.

என் பெரியப்பா ஹட்டன் நகரில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் படம் பிடிப்பவரானவர். முதலாளி புதிய கமரா வாங்கியபோது பழையதைச் சம்பளத்தில் கழித்துக் கழித்துத் தமக்கு வாங்கிக்கொண்டார். அது யஷிகா மட் 124ஜி என்ற ஜப்பானியக் கமரா. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்கள் அதற்கு. மேற்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள்தான். கமராவை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, மேலேயுள்ள கண்ணாடியில் உருவத்தைப் பார்க்க வேண்டும். லயத்து வாசலில் நின்ற எந்தக் குடும்பத்தையும் பெரியப்பா தலைகுனிந்துதான் படம் எடுத்தார்.

2009ஆம் ஆண்டு அவர் காலமானார். பெரியம்மா கமராவையும் ஒரு பிஸ்கட் தகரத்தையும் என்னிடம் தந்தார். கமராவைத் தோல் உறையோடு முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். தகரம் கட்டிலுக்கடியில் போயிற்று. வருவோரெல்லாம் கமராவைப் பார்த்து வியந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் நானும் அதைப் பாதுகாத்ததாக எண்ணிப் பெருமைப்பட்டேன்.

2023இல் நண்பர் ஒருவர் மூலமாகக் கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். என் மாதச் சம்பளத்திலும் கூடிய விலை சொன்னார். மூல அட்டைப்பெட்டி இருக்கிறதா, வில்லை மூடி இருக்கிறதா என்று கேட்டார். தகரத்தில் நெகடிவ்கள் இருக்கின்றன என்றேன். "அது வேண்டாம் மாஸ்டர், அதை வைத்து என்ன செய்வது?" என்றார். பிறகு உறையைக் கழற்றி வில்லையை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. விசையை அழுத்தினார். திரை திறந்தது, மூடவில்லை. விலையைப் பாதியாக்கினார். நான் விற்கவில்லை. கொள்கையால் அல்ல, ரோசத்தால் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

கண்டியில் கமரா திருத்துகிற முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். "உறைக்குள், அலுமாரியில், பத்திரமாக" என்றேன். அவர் சிரித்தார். பூஞ்சணத்துக்கு வேண்டியவை இருட்டும் ஈரமும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மூடுபனியைத் தோல் உறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறைக்குள் இருட்டுக்குக் குறைவில்லை. அது வளர வளர வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும். திரையிலுள்ள எண்ணெயோ அசையாமல் கிடந்தால் பிசின் போல் இறுகிவிடும். "ஓடவிட்டிருந்தால் இவ்வளவு மோசமாகியிராது மாஸ்டர். மாதம் ஒரு தடவையாவது எல்லா வேகத்திலும் விசையைத் தட்டுங்கள். வெளிச்சமும் காற்றும் படட்டும்" என்றார் அவர்.

நேயர்களே, தமிழ் படித்தவனுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்கக் கூடாது. ஏட்டுச் சுவடிகளின் கதையும் இதுதானே? சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் தேடித் திரிந்த காலத்தில் எத்தனை வீடுகளில் சுவடிகள் பரணில் பூசைப் பொருளாகக் கிடந்து செல்லரித்தன! ஓலையின் ஆயுள் சிறிது. அதை எடுத்துப் படித்து, புதிய ஓலையில் பெயர்த்து எழுதிய கைகள் இருந்தவரையில்தான் நூல் வாழ்ந்தது. 1887இல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறின என்றால், தேடிச் சேர்த்தவரே படித்துப் பயன்படுத்தியவராகவும் இருந்ததுதான் காரணம்.

ஆகவே சேகரிப்பவர்களைப் பழிப்பது என் நோக்கமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஜூலியா மார்கரட் கமரன் கிடைத்திருக்க மாட்டார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த இந்த அம்மையார், 1863இல் தமது நாற்பத்தெட்டாவது வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவினால் புகைப்படக் கலைஞரானவர். கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கி, நிலக்கரி அறையை இருட்டறையாக்கிக் கொண்டார். தகட்டிலே கீறல் விழுந்தாலும் உருவம் சற்று மங்கினாலும் கவலைப்படவில்லை. டென்னிசன், டார்வின் போன்றோரின் முகங்களை உலகம் இன்று அவர் படங்களில் காண்கிறது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் வேறு யாருமல்லர், கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான். இவர்களுக்கு டிக்கோயாப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாவில் மறைந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியுள்ள படங்கள் முப்பதைத் தாண்டாது. அவற்றில் தோட்டங்களில் உழைத்த நம் மக்களின் முகங்களும் உண்டு. கடல் கடந்த நூதனசாலைகள் அவற்றைக் காத்து வைத்திருக்கின்றன. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் எடுத்த கவிஞருக்கும் விஞ்ஞானிக்கும் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்போ, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதுதான். படம் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை.

இன்னொரு செய்தி. 2022இல் ஒரு பழைய லைக்கா கமரா 144 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அது பெட்டி பிரிக்காத புதுக் கமரா அல்ல. லைக்காவை உருவாக்கிய ஒஸ்கார் பார்னாக் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது. அவர் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர் உலகமே அதிக விலை கொடுத்தது, ஒருவர் கைபட்டுத் தேய்ந்த பொருளுக்குத்தான்!

இதை யோசித்தபோதுதான் கட்டிலுக்கடியில் கிடந்த தகரம் நினைவுக்கு வந்தது. திறந்தேன். கடித உறைகள் 137. சில ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. ஒவ்வோர் உறையிலும் பெரியப்பாவின் பென்சில் எழுத்து. குடும்பத் தலைவரின் பெயர், தோட்டம், டிவிசன். பலவற்றின் மூலையில் ஒரே ஒரு சொல்: பயணம்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அந்தப் படத்துக்காக ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள், பிரியப்போகும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கையோடு இன்னொரு படமும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். கமரன் அம்மையாருக்கு எழுதத் தோன்றாத பெயர்களை, எட்டாம் வகுப்போடு நின்ற என் பெரியப்பா எழுதி வைத்திருக்கிறார். சேகரிப்பாளர் வேண்டாம் என்றதும் நான் ஈரத்தில் விட்டதும் இவற்றைத்தான்.

திருத்தி வந்த கமராவுக்கு ஒரு சுருள் வாங்கினேன். விலை சுட்டது. உயர்தர வகுப்பு மாணவர்களிடம், "பன்னிரண்டு படம்தான், யாரை எடுப்போம்?" என்று கேட்டேன். முதலில் தங்களையே எடுக்கச் சொன்னார்கள். ஒரு மாணவி, "எங்களுக்குத்தான் போன் இருக்கே சேர். அப்பாயி படம் அடையாள அட்டையில மட்டும்தான் இருக்கு" என்றாள். வாதம் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோட்டத்துக்குப் போனோம். கமராவோடு தகரத்தையும் கொண்டுபோனேன். உறைகளிலுள்ள பெயர்களை மாணவி உரக்க வாசித்தாள். ஒரு பெயரில் பாட்டி கையை உயர்த்தினார். "நில்லு ஆத்தா. அது எங்க அக்கா வீட்டுக்காரரு." அந்த நெகடிவை வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்டார்: "ஏன் சேர், எல்லாருக்கும் முடி நரைச்சிருக்கு? அக்காவுக்கு அப்ப முப்பதுகூட ஆகலையே."

நெகடிவில் கருமை வெண்மையாகத் தெரியும் என்று விளக்க வாயெடுத்தேன். முடியவில்லை. அக்காள் கோத்தகிரிப் பக்கம் போனவர். பிறகு ஒரு கடிதத்தோடு சரி. இருந்தால் முடி உண்மையிலேயே நரைத்திருக்கும்.

பன்னிரண்டில் ஒன்பது படங்கள் தேறின. மூன்று என் கைப்பிழையால் போயின. அக்காள் குடும்பத்துப் படத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மாணவர்கள் பெயரும் தோட்டமும் திகதியும் எழுதினார்கள்.

பயன்படுத்தினால் கமரா தேயும் என்பதை நான் மறுக்கவில்லை. இதற்கு உதிரிப்பாகம் செய்வாரில்லை. ஒரு நாள் திருத்த முடியாமல் நின்றுபோகும். அன்று அலுமாரியில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை அது வேலை செய்யட்டும். சேகரிப்பாளர் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கமரா ஒன்று வாங்கும்போது, அதனோடு தகரம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை முதலில் வாங்குங்கள்.

சென்ற ஆயுத பூசைக்குக் கமராவை உறையின்றி, கொப்பி புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் காலை சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் புதுச் சுருள் போட்டேன். பிஸ்கட் தகரமும் இப்போது கட்டிலுக்கடியில் இல்லை. வகுப்பறையில், நல்ல காற்றோட்டமான இடத்தில் இருக்கிறது. இன்னும் 136 பெயர்களை வாசிக்க வேண்டியிருக்கிறது.