ஒரே சாப்பாடும் உடல் நிறையும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படுவன மேலான பொருள்கள். சமயம், தமிழ், கல்வி, தொண்டு என்று அறிஞர் பலர் பேசிச் சென்ற இடத்தில், இன்று யாம் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இதுதான். சென்ற ஆண்டு விழாவில் எம்மைக் கண்டவர்கள் இவ்வாண்டும் கண்டார்கள். "தம்பி, ஏதும் வருத்தமோ?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "என்ன மருந்து எடுத்தீர்கள்?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். வருத்தமும் இல்லை, மருந்தும் இல்லை. நாள்தோறும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டோம் என்று விடை கூறினோம். அதையே எல்லாருக்கும் விளங்கச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சொல்ல வேண்டிய நன்மையும் இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டிய பிழையும் இருக்கிறது. இரண்டையும் சொல்வதே முறை.

எமது தந்தையார் நீரிழிவினால் முதலில் கால்விரல் ஒன்றையும், பின்னர் காலையும் இழந்தவர். அவருடைய பொல்லு இன்றும் எமது வீட்டு விறாந்தையின் மூலையில் சாத்தியபடியே நிற்கிறது. அதைத் தாண்டித்தான் நாள்தோறும் வேலைக்குப் போகிறோம். ஆயினும் கண்ணிருந்தும் காணாதவராய் இருந்தோம். ஒருநாள் வைத்தியர் எமது வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது அது 101 சதமமீற்றர் காட்டியது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சதமமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சதமமீற்றருக்கும் மேற்படுவது ஆபத்தின் அறிகுறி. எமது நிறை 84 கிலோ. உயரம் 168 சதமமீற்றர். நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் கிட்டத்தட்ட 30 வருகிறது. ஆசிய நாட்டவர்க்கு இந்த எண் 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்றும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் கூறியது. எமது உடல் வாகில், வெள்ளைக்காரருக்குத் தீங்கு செய்யாத பருமனும் தீங்கு செய்துவிடுகிறது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்த மண்டபத்தின் ஒரு வரிசையில் பத்துக் கதிரைகள் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்.

அன்றிரவே ஓர் ஒழுங்கு செய்தோம். காலையில் குரக்கன்மாவும் அரிசிமாவும் சமபங்கு கலந்த பிட்டு ஒரு கோப்பை, அவித்த கடலை ஒரு பிடி, சீனியில்லாத தேத்தண்ணீர். மதியம் சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, பருப்பு, கீரை, ஒரு மரக்கறி. இரவில் அவித்த பயறு ஒரு கோப்பை, வெள்ளரிக்காய், மோர். திங்களும் இதுவே, செவ்வாயும் இதுவே, ஞாயிறும் இதுவே.

முதல் வாரம் நாக்கு அழுதது. இரண்டாம் வாரம் முணுமுணுத்தது. மூன்றாம் வாரத்தில் அடங்கிவிட்டது. எட்டு மாதத்தில் 84 கிலோ 76 ஆயிற்று.

இது எப்படி நடந்தது? மாயம் ஒன்றுமில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நாக்கின் இயல்பு. நமது கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சோறும் பருப்பும் கறிகளும் போதும் போதும் என்றாகி, இலையை மடிக்கக் கை போகும் நேரத்தில் பாயசம் வருகிறது. உடனே வயிற்றில் எங்கிருந்தோ இடம் பிறக்கிறது. நிறைந்தது வயிறன்று; பழைய சுவையில் ஆசை நிறைந்தது, அவ்வளவே. புதுச்சுவை வந்தால் ஆசையும் புதிதாகத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரில் பார்பரா றோல்ஸ் என்னும் அம்மையாரும் அவருடன் பணிசெய்தோரும் 1981 இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரேவகைச் சான்ட்விச் கொடுத்தபோது மக்கள் உண்டதைவிட, உள்ளீடு வேறுவேறான நான்குவகை கொடுத்தபோது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடுதலாக உண்டார்கள். 2011 இல் அமெரிக்காவில் எப்ஸ்டைன் என்பவரும் பிறரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பெண்கள் சிலருக்கு ஒரே மக்கரோனி உணவை ஐந்து நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதையே வாரத்துக்கு ஒருமுறையாக ஐந்து வாரம் கொடுத்தார்கள். நாள்தோறும் பெற்றவர்கள் வரவர உண்பதைக் குறைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கொருமுறை பெற்றவர்கள் அப்படிக் குறைக்கவில்லை.

இரண்டாவது, தீர்மானம் குறைகிறது. வேலை முடிந்து களைத்துவரும் மனிதன் பசியோடு நின்று "இன்றைக்கு என்ன சாப்பிடலாம்?" என்று யோசித்தால், அந்த யோசனையிற் பெரும்பாலும் கொத்துரொட்டியே வெல்லும். என்ன உண்பது என்பது காலையிலேயே முடிவாகிவிட்டால், கடைவாசலில் நின்று போராட வேண்டியதில்லை.

மூன்றாவது, கணக்குத் தெரிகிறது. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 120 உண்டு. நாளைக்கு ஐந்து தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், சோறு தொடாமலே 160 கலோரி உள்ளே போய்விடுகிறது. ஒரே சாப்பாட்டை உண்பவன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தாற் போதும். நாளுக்கொரு சாப்பாடு உண்பவனுக்கு நாள்தோறும் கணக்கு. ஆகவே அவன் பார்ப்பதேயில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தடுத்துவிட வேண்டும். ஒரே சாப்பாடு என்பதனால் மட்டும் நிறை குறையாது. தேங்காய்ப்பாலில் மிதக்கும் பாற்பிட்டை நாள்தோறும் தட்டம் நிறைய உண்பவன், ஒரே உணவை உண்டே பருத்துவிடுவான். குறைப்பது அளவுதான். ஒரேமாதிரி உண்பது அந்த அளவைக் காப்பதற்கு ஒரு வேலி. வேலியையே பயிர் என்று நினைத்துவிடக் கூடாது. திருவள்ளுவரும் 'மருந்து' என்று பெயரிட்ட 95 ஆம் அதிகாரத்தில் மூலிகை ஒன்றையும் சொல்லவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் சொல்கிறார்.

இந்த வழி நமக்குப் புதியதும் அன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரி விரதத்துக்கு இருபத்தொரு நாள் என்று ஒழுங்காக உண்டு பழகியவர்கள் இங்கே நிறையப்பேர் இருக்கிறீர்கள். ஆனால் விரதத்துக்கு முடிவுநாள் ஒன்று உண்டு. யாம் செய்ததற்கு முடிவுநாள் இல்லை. எமது பிழை அங்கேதான் தொடங்கியது.

ஒரே உணவில் ஊன்றி நின்றால் உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று விட்டுப்போகலாம். ஜாவாத் தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவில், எய்க்மான் என்னும் ஒல்லாந்த வைத்தியர் 1890 களில் கண்டது இதற்குச் சான்று. தவிடு நீக்கிய வெள்ளையரிசிச் சோற்றையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு நீங்காத அரிசி கொடுத்தபோது எழுந்தன. மனிதரிடத்தில் பெரிபெரி என்ற நோய் வருவதும் அவ்வாறே என்று பின்னர் தெளிவாயிற்று. எய்க்மானுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கோழிகளுக்கு வயிறு நிறையவே உணவு கிடைத்தது. குறைந்தது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து ஒன்றுதான். ஆகவே நாள்தோறும் கீரை என்று முடிவுசெய்தாலும், இந்த வாரம் முருங்கையிலை, அடுத்த வாரம் பொன்னாங்காணி, பிறகு வல்லாரை என்று மாறிவர வேண்டும். சட்டி ஒன்றாகவே இருக்கட்டும். உள்ளே போவது மாறட்டும்.

இனி, எமது வீட்டுக் கதையைச் சொல்கிறோம்.

யாம் தனிச்சட்டியில் உண்ணத் தொடங்கியதிலிருந்து எமது மனைவியார் இரண்டு சமையல் செய்தார். அதை யாம் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்தி நாளில் அம்மா மோதகம் அவித்துக் கொண்டுவந்து நீட்டினார். கட்டுப்பாடு என்று சொல்லி மறுத்தோம். ஒரு மோதகத்தினால் எட்டு மாத உழைப்பு அழிந்துவிடாது என்று அன்று எமக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கர்வம் ஒன்றுதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

சில மாதங்களுக்குப் பின்னர் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்றோம். தராசில் ஏறினார். முந்திய முறை 46 கிலோ என்று துண்டில் எழுதியிருந்தது, இப்போது 42. வைத்தியர் எம்மைப் பார்த்து, "இவ்வயதில் இப்படிக் குறைவது நல்லதல்ல, குறைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் குறைந்திருக்கும். விழுந்தால் எழும்பமாட்டார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. ஒரே கூரையின்கீழ் இருக்கும் தாய் என்ன உண்கிறார் என்பதை அறியாதவராய் நின்றோம். எமது கோப்பையின் அளவு மட்டும் எமக்குத் தெரிந்திருந்தது.

வழியிற் கேட்டோம். "நீ தனியச் சாப்பிடுறாய், தம்பி. எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்தது. நானும் உன்ரை சாப்பாட்டையே சாப்பிட்டன்" என்றார். இரவில் பயறும் வெள்ளரிக்காயும், எழுபத்திரண்டு வயதில், எமக்குத் துணையாக. நாம் எல்லாரும் உண்டு முடித்தபின் குசினியில் இருந்து உண்பது அவர் வழக்கம் ஆகையால், எவரும் கவனிக்கவில்லை.

அன்பர்களே, தந்தையாரின் பொல்லைப் பார்த்துத் தொடங்கிய ஒழுங்கு, தாயாரின் கையிலும் ஒரு பொல்லைக் கொடுக்கப் பார்த்தது. எமக்கு மருந்தாயிருந்த அளவு அவருக்கு நஞ்சாயிற்று.

அதன்பின் ஒழுங்கை மாற்றினோம். காலையும் மதியமும் பழையபடியே ஒரே சாப்பாடு. இரவில் எல்லாரும் ஒன்றாக இருந்து, ஒரே சட்டியில் சமைத்ததை உண்பது. எமக்கு ஓர் அகப்பை. பிள்ளைகளுக்கு வேண்டிய அளவு. அம்மாவுக்குத் தயிரும் பருப்பும் நெய்யும் கூட்டி. விசேட நாளில் ஒரு மோதகம். அதை அம்மா தரும்போது இரு கையாலும் வாங்குவது. நிறை குறையும் வேகம் தணிந்தது உண்மை. உடல் இலேசாக இலேசாக அதற்கு வேண்டிய உணவும் குறைவதால், எந்த வழியிலும் வேகம் தணியத்தான் செய்யும். எமது எண் இப்போது 27 க்கு அருகில் நிற்கிறது. 23 ஐ எட்ட 65 கிலோவாக வேண்டும், இன்னும் நெடுந்தூரம். ஆயினும் அம்மா மீண்டும் 45 கிலோ. எமது வீட்டில் இரண்டு எண்களையும் ஒரே கொப்பியில் எழுதுகிறோம்.

இளைஞர்களுக்குச் சில சொல்லி முடிப்போம். இவ்வழியில் இறங்க விரும்பினால், முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் ஒரேமாதிரி ஆக்குங்கள். காலைச் சாப்பாடு இலகு. இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும்; கேட்டுச் செய்யுங்கள். வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், மெலிந்த முதியோருக்கும் இது ஆகாது. உங்களுக்காக இன்னொருவர் அடுப்படியில் இரண்டுமுறை நிற்கிறாரா என்று பாருங்கள்; நிற்கிறாரென்றால் உங்கள் சாப்பாட்டை நீங்களே அவித்துக்கொள்ளப் பழகுங்கள். யாமும் பயறு அவிக்கக் கற்றுக்கொண்டோம். அது பெரிய வித்தையன்று.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுத்துக் கையெடுக்கும் பிள்ளைக்கு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அன்பினால் அள்ளிப் போடாதீர்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் எமது தந்தையாரின் கால் போனது. அன்பைக் காட்ட அருகில் இருந்தாலே போதும்.

சங்கத்துக்கும் ஒன்று. கூட்டம் முடிந்ததும் இங்கே ரோல்ஸும் சீனி கரைந்த பால்தேத்தண்ணீரும் வருகின்றன. அடுத்த மாதம் முதல் அவித்த கடலையும் சீனியில்லாத தேத்தண்ணீரும் வைத்துப் பார்ப்போம். மூன்று கூட்டம் நாக்கு முணுமுணுக்கும், பிறகு அடங்கிவிடும். இதற்கு எமது அனுபவமே பிணை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் தட்டத்தைப் பார்க்குமுன் குசினிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே யார் கடைசியாக உண்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று அறிந்துகொண்டு, பின்னர் உங்கள் அளவைத் தீர்மானியுங்கள்.