மணி அழகு, ஒளி எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். என் வேலை ஒளிரும் பொடி செய்வது. நம் வீடுகளில் எரிந்த சி.எஃப்.எல். விளக்கின் உட்பூச்சில் சிவப்பு ஒளியைத் தந்தது யிட்ரியம் ஆக்சைடு. அதில் நூறு யிட்ரியம் அணுவுக்குச் சுமார் ஐந்தை மாற்றி யூரோப்பியம் வைத்தால், புற ஊதா ஒளி பட்டதும் 611 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிரும். இதையே நுண்மணிகளாகச் செய்தால் போலியைக் கண்டுபிடிக்கும் அச்சு மையில் கலக்கலாம்.

செய்முறை எளிது. இரண்டு உலோகங்களின் நைட்ரேட் கரைசலில் யூரியா கலந்து, 90 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். யூரியா மெல்லச் சிதையச் சிதைய, கார்பனேட் மணிகள் ஒரே அளவில் உருளும். அவற்றை உலையில் சுட்டால் ஆக்சைடு.

என் முதல் மணிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். கோலப்புள்ளி வைத்த மாதிரி அத்தனை ஒழுங்கு! அன்றே 'வெற்றி' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், மங்கலாய் ஒரு சிவப்பு. அவ்வளவுதான். என் மேலதிகாரி கேட்டார்: "வெளியே சரி தம்பி, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. மணிகள் ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்து 600 டிகிரியோடு நிறுத்தியிருந்தேன். அதனால் உள்ளே படிக அடுக்கு சரியாக அமையவில்லை. எஞ்சியிருந்த ஹைட்ராக்சில், ஒளியாக வரவேண்டிய ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிட்டது. இன்னொன்று: யிட்ரியமும் யூரோப்பியமும் ஒரே வேகத்தில் படிவதில்லை. யூரோப்பியம் ஓரிடத்தில் நெருக்கியடித்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று கெடுக்கும்.

வெப்பத்தை 900க்கு ஏற்றினேன். ஒளி வந்தது, மணிகள் ஒட்டிக்கொண்டன! கடைசியில் கைகொடுத்தது உப்பு. மணலில் கடலை வறுப்பதுபோல, உருகாத உப்புத்தூளுக்குள் மணிகளைப் புதைத்துச் சுட்டு, பிறகு உப்பைத் தண்ணீரில் கழுவிவிட்டோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.சி. பாட்டீல் குழுவினர் 1980களில் வளர்த்த எரிப்பு முறையில் அதே யூரியா எரிபொருளாகி, சில நிமிடத்தில் ஆக்சைடைத் தந்துவிடும். ஆனால் கிடைப்பது நுரைபோன்ற பொடி. உருண்டை மணி வராது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் கணக்கு.

அந்த அறிக்கையில் 'வெற்றி' என்பதை அடித்துவிட்டு, கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன். நம் ஆய்வுக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டில் முதலில் விடையை எழுதிவிட்டு, அதற்கேற்ப அளவுகளை நிரப்பிய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தப் பழக்கம் அன்றோடு என்னை விட்டது.