மாதிரி வழக்காடும் மாணவர்கள்

நியாயம் நம் பக்கம் இருந்தும், பெரட்டுக் களத்தில் கிராணியார் முன்னே வாய் வராமல் திரும்பியவர்கள் நம் பெற்றோரில் எத்தனையோ பேர். வாதாடுவதும் பழகினால் வரும் கலைதான்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் மாதிரி வழக்கு நடத்திப் போட்டியிடுகிறார்கள். வழக்கு கற்பனை, சட்டம் மெய். 1960இல் தொடங்கிய ஜெசப் போட்டி உலகப் புகழ் பெற்றது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கே என்று 2002இல் ஹேக் நகரில் தீர்ப்பானதே, அந்த அனைத்துலக நீதிமன்றத்தில் நிற்பதாகப் பாவனை செய்து, இரு நாடுகளின் தகராறை வாதிடுவார்கள். குழுவுக்கு 45 நிமிடம், பேசுவோர் இருவர். நீதிபதியாக அமர்ந்தவர் பாதியில் மறித்துக் கேள்வி கேட்பார். மனப்பாடம் செய்து வந்தவர் அங்கேயே தடுமாறுவார். நம் பிள்ளைகள் மனப்பாடத்தில் சூரர்கள், என்ன செய்வது!

இன்னொரு சங்கதி. ஒரு சுற்றில் வாதிக்காகப் பேசிய குழு, மறுசுற்றில் அதே வழக்கில் எதிர்வாதிக்காகப் பேச வேண்டும். எதிராளி என்ன சொல்வான் என்று அவன் இடத்திலிருந்தே யோசித்தாக வேண்டும். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குப் புள்ளி இல்லை, வாதத்துக்கே புள்ளி. வீட்டில் நாம் 'வாயாடி' என்று அதட்டி உட்காரவைக்கும் பெண் அங்கே நன்றாகவே நிற்பாள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் சட்டத்துறை உண்டு. தெங்கேராக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கலாம். எஸ்.பி.எம். முடித்ததும் நேரே சேர முடியாது. இடையில் எஸ்.டி.பி.எம். அல்லது அடித்தளப் படிப்பு வேண்டும். கட்டணத்தையும் கல்விக் கடனையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.