கூப்பிட்டாலும் ஓடிவர முடியாத குஞ்சு



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. மறையுரையில் பேச இதுவும் ஒரு பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீட்டுக் கொல்லையில் வளரும் கோழிக்குஞ்சு ஒன்று நோயில் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? இதுதான் இன்றைய கேள்வி.

சளியோ கழிச்சலோ மட்டும் என்றால் நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் நரம்பைத் தாக்கும் நோயைப் பார்க்கும்போது மனம் கலங்கிவிடுகிறது. நேற்றுவரை தாயின் பின்னால் ஓடித் திரிந்த குஞ்சு, காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் எழுந்து வருவதில்லை. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. தலை பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கிறது. தீனியைக் கொத்தக் குனிந்தால் அலகு வேறோர் இடத்தில் போய் விழுகிறது. நடக்க முயன்றால் வட்டமடித்துச் சாய்கிறது. மற்றக் குஞ்சுகளும் சும்மா விடுவதில்லை. பலவீனமானதைக் கொத்துவது கோழிகளின் இயல்பு.

அப்போது வீட்டில் எழும் பேச்சு நமக்குத் தெரிந்ததுதான். "சீக்கு வந்துடுச்சு, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "சாகுறதுக்குள்ள அறுத்துக் குழம்பு வெச்சிடலாம்" என்பார் மற்றொருவர். "சந்தையில தள்ளிவிட்டா பாதி விலையாவது கிடைக்கும்" என்று மெதுவாகச் சொல்பவரும் உண்டு. வீட்டுத் தலைவிக்கோ அது வெறும் குஞ்சு அல்ல. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், அவசரத்துக்குப் பேருந்துக் காசு எடுக்கவும் அவர் கையில் உள்ள சிறுவாட்டுப் பணம் அது. குழந்தைக்கோ, பெயர் வைத்து வளர்த்த தோழன்.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, உற்றுப் பார்ப்பது. ஏனெனில் ஒரே மாதிரித் தோன்றும் இந்த அறிகுறிகளுக்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று, தொற்றுநோய். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய், 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் உள்ள இராணிக்கெட் என்ற ஊரின் பெயரால் வழங்குகிறது. கழிச்சலிலிருந்து தப்பிய குஞ்சுகள் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கு நின்றுவிடுகிறது. மற்றொன்று, 1907ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த நோய். அது பெரும்பாலும் ஆறு வாரம் கடந்த இளம் கோழிகளைத் தாக்கும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிடும். அதற்கு மருந்தில்லை.

ஆனால் வேறு காரணங்களும் உண்டு. பூச்சிமருந்து கலந்த விதையைக் கொத்தியிருக்கலாம். தலையில் அடிபட்டிருக்கலாம். அல்லது தீனியில் சத்துக் குறைந்திருக்கலாம். வைட்டமின் பி1 குறைந்தால் தலை பின்னால் வளையும். பி2 குறைந்தால் கால்விரல்கள் உள்ளே சுருண்டுவிடும். வைட்டமின் ஈ குறைந்தால் குஞ்சு தள்ளாடி விழும். இவற்றுள் சில, காலத்தில் கண்டுகொண்டால் குணமாகக்கூடியவை. அதிலும் பி1 குறைவால் விழுந்த குஞ்சு, அந்தச் சத்து உள்ளே போன சில மணி நேரத்திலேயே தலை நிமிர்வதுண்டு. பார்க்காமலே தூக்கி எறிந்தால், பிழைக்கக்கூடிய உயிரையும் சேர்த்தே எறிகிறோம்.

இப்படி உற்றுப் பார்த்ததால் மனித குலமே பயனடைந்த கதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன், இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பட்டாவியா நகரில் பெரிபெரி என்னும் நோய் பலரின் கால்களை முடக்கி உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் ஒரு நாள் தள்ளாடத் தொடங்கின, விழுந்தன. பிறகு சில மாதங்களில் தாமாகவே எழுந்து நடந்தன. எய்க்மான் அதைக் கவனிக்காமல் விடவில்லை. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. இடையில் சில காலம் அக்கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், கோழிகளுக்கு அந்த அரிசியைத் தர மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் பிழைத்துக்கொண்டன.

வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் எய்க்மான் முதலில் எண்ணினார். நஞ்சு அல்ல, தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் குறைகிறது என்று 1901ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துச் சொன்னவர், அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கெரிட் கிரைன்ஸ். அந்தச் சத்துதான் இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வது. 1929ஆம் ஆண்டில் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் முன்னோர் நெல்லை அவித்துக் குத்திப் புழுங்கல் அரிசியாக உண்டதில் இந்தச் சத்தின் பெரும்பகுதி அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதும் இன்று நமக்குத் தெரியும். விழுந்து கிடந்த சில கோழிகளை ஒருவர் நின்று பார்த்தார். விழுந்து கிடந்த மனிதர் பலர் எழுந்து நடக்க அது வழியானது.

சரி, நம் வீட்டுக் குஞ்சுக்கு வருவோம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை நாம் என்ன செய்யலாம்? முதலில் அதைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். இது அதற்கும் நல்லது, மற்றக் கோழிகளுக்கும் நல்லது. ஓர் அட்டைப் பெட்டியில் பழைய துணியை விரித்து, மற்றொரு துணியை வளையமாகச் சுருட்டி, அதன் நடுவே குஞ்சை நிமிர்த்தி உட்கார வைக்கலாம். காற்றும் குளிரும் படாத இடம் வேண்டும். தண்ணீரை வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கியதும் அடுத்த சொட்டு. தவிடோ குருணையோ நனைத்து, சிறு உருண்டையாக அலகருகே நீட்ட வேண்டும். சத்து மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். எச்சம் ஒட்டிய இடத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெள்ளைக்கழிச்சல் கிருமி நம் கண்ணிலும் எரிச்சலை உண்டாக்கக்கூடியது.

ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பொறுமை என்பது என்னவென்று. அவசரப்பட்டால் குஞ்சுக்குப் புரையேறிவிடும். நம் வேகத்துக்கு அது வராது. நாம்தான் அதன் வேகத்துக்கு இறங்க வேண்டும்.

நீதிமொழிகள் நூல் 12ஆம் அதிகாரத்தில், தம் கால்நடையின் உயிர்மீது அக்கறை கொள்வது நேர்மையாளரின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும், விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று கற்பிக்கிறது. அவை தேவையின்றித் துன்புறவோ சாகவோ காரணமாவது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. அதே இடத்தில் இன்னொன்றையும் சொல்கிறது: மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. இரண்டையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும். குஞ்சைக் காக்க அக்கறையும் நேரமும் தரலாம். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைக்கு வைத்த காசைத் தரக் கூடாது.

ஒரு வாரம், பத்து நாள் பார்த்தும் தேறவில்லை, தீனி இறங்கவில்லை, துன்பம் மட்டும் கூடுகிறது என்றால்? அந்த உயிரின் வேதனையை மருத்துவரின் உதவியோடு விரைவாக முடித்துவைப்பது பாவமல்ல. அதுவும் பரிவுதான். ஆனால் சீக்குக் கோழியைச் சந்தையில் தெரியாதவர் தலையில் கட்டுவது அயலாருக்குச் செய்யும் அநீதி. அவருடைய கொல்லையில் உள்ள அத்தனை கோழிகளையும் அது கொண்டுபோய்விடலாம். நோயில் கிடந்த கோழியை அறுத்து உண்பதும் வேண்டாம். இறந்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரெனப் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும்.

நேயர்களே, ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். முற்றத்தில் குஞ்சு விழுந்து கிடக்கிறது. "இனிமே இது எதுக்கு ஆகும்? வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே கயிற்றுக் கட்டிலில், பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துபோன பாட்டி படுத்திருக்கிறார். அவருக்கும் கஞ்சியைக் கரண்டியால் ஓரமாகத்தான் ஊட்ட வேண்டும். அவருக்கும் முதுகைத் துடைத்துத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முற்றத்துப் பேச்சு கோழியைப் பற்றியதுதான். ஆனால் கேட்கும் காது யாருடையது? அன்று இரவு அந்தப் பாட்டி, "எனக்குப் பசிக்கலம்மா" என்று கஞ்சியை விலக்கினால், காரணம் நமக்குப் புரியுமா?

இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். கோழியும் மனிதரும் ஒன்றல்ல. கோழியின் உயிரை முடித்துவைக்கும் உரிமை நமக்கு உண்டு. மனித உயிர் கருவறை முதல் இறுதி மூச்சுவரை கடவுளுக்கு உரியது. அதை முடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பயன் முடிந்துவிட்டது என்று எந்த மனிதரைப் பற்றியும் சொல்ல முடியாது. ஆனாலும் நம் நாவு ஒன்றுதான். எதற்கு உதவும் என்ற அளவுகோலையே எல்லாவற்றுக்கும் வைத்துப் பழகிய வீட்டில், அந்த அளவுகோல் ஒரு நாள் கட்டில்வரை வந்துவிடும். மாறாக, ஒரு குஞ்சுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைக்கப் பழகிய பிள்ளையின் கை, பாட்டிக்குக் கஞ்சி ஊட்டும்போது நடுங்காது. குஞ்சு பிழைக்காவிட்டாலும் அந்தப் பழக்கம் வீணாவதில்லை.

பிள்ளைகளிடம் நாம் பொய் சொல்ல வேண்டாம். குஞ்சு செத்த பிறகு, "பறந்து போயிடுச்சு" என்று சொன்னால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் அவர்கள் நம்பமாட்டார்கள். "நம்மால் முடிந்ததைச் செய்தோம், நோய் பெரியதாக இருந்தது" என்று சொல்லி, குழி தோண்ட அவர்களையும் கூட்டிச் செல்வோம். அழ வேண்டுமானால் அழட்டும். ஒரு கோழிக்காகவா அழுகிறாய் என்று கேட்க வேண்டாம்.

நம் ஆண்டவரும் கோழியைக் கவனித்துப் பார்த்தவர்தான். எருசலேம் நகரை நினைத்து வருந்தியபோது, குஞ்சுகளைச் சிறகுகளுக்குள் கூட்டிச் சேர்க்கும் தாய்க்கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். மத்தேயுவும் லூக்காவும் அதைப் பதிவு செய்துள்ளனர். அந்த நகரைப் பார்த்தபடி ஒலிவ மலையில் நிற்கும் 'ஆண்டவர் அழுதார்' ஆலயத்தின் பீடத்தில் இன்றும் அந்தக் கோழியையும் குஞ்சுகளையும் வண்ணக் கற்களால் பதித்திருக்கிறார்கள்.

வர மனமில்லாத பிள்ளைகளுக்காக ஆண்டவர் அன்று வருந்தினார். வர மனமிருந்தும் முடியாதவர்களும் இருக்கிறார்கள். தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிட்டதும் மற்றக் குஞ்சுகள் ஓடிப்போய்ச் சிறகுக்குள் ஒளிகின்றன. கழுத்து முறுக்கிய குஞ்சுக்கும் அந்தக் குரல் கேட்கிறது. எழுந்து ஓடப் பார்க்கிறது. கால் வேறு பக்கம் இழுக்கிறது. அதை யாராவது தூக்கிக்கொண்டுபோய்ச் சிறகருகே விட வேண்டும்.

நம் பங்கிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஞாயிறு மணி அவர்களுக்கும் கேட்கிறது. முடமான உடலோ, முறிந்த மனமோ, குடும்பத்தில் நேர்ந்த அவமானமோ அவர்களை எழவிடுவதில்லை. "கூப்பிட்டும் வரவில்லை" என்று நாம் கணக்கெழுதிவிடுகிறோம். இந்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோமா? நற்கருணை கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுவந்து பங்குத்தந்தையிடம் சொல்வோமா?

அப்படியே, கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, நம் கோழிகளோடு அடுத்த வீட்டு அம்மாவின் கோழிகளையும் கூடையில் எடுத்துச் செல்வோம். சிறிய உயிர்களைப் பார்க்கும் கண்ணையும், மெல்ல ஊட்டும் கையையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.