பெயர் மாறினால் பிடி தளருமா?
(முகத்துவாரக்குப்பம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வல்லரசுகள் சிறு நாடுகளில் படை இறக்குவதை நாம் கண்டிக்கும்போதெல்லாம், "1961-இல் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்ததே, அதற்கென்ன பெயர்?" என்று மடக்குவோர் உளர். விடை கூறுவது நம் கடமை.

1951 வரை கோவா, போர்ச்சுகலின் சட்டப்படியே, காலனி. அவ்வாண்டு சலாசார் ஆட்சி அரசியல் சட்டத்தைத் திருத்தி, 'கடல்கடந்த மாகாணம்' என்று பெயர் சூட்டிற்று. ஆட்டைக் கட்டிய கயிறு அப்படியே இருந்தது; கயிற்றின் பெயர்தான் மாறிற்று! 1955 ஆகஸ்டு 15 அன்று ஆயுதமின்றி எல்லை கடந்த சத்தியாக்கிரகிகள் சுடப்பட்டு மாண்டனர். ஐ.நா. பொதுச்சபை ஏமாறவில்லை. 1960 டிசம்பர் 15 அன்று, தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் கோவாவையும் சேர்த்தது.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியைப் பாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாளன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிற்று. படை தேவைப்படவில்லை. லிஸ்பனோ பேசவே மறுத்தது.

1961 டிசம்பரில் இந்தியா நுழைந்தபோது, வெளியேறு என்று பாதுகாப்பு சபையில் தீர்மானம் கொணர்ந்தவை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, துருக்கி. சோவியத் வீட்டோவால் அது வீழ்ந்தது. அவற்றுள் பிரிட்டனும் பிரான்சும், ஐந்தாண்டுகட்கு முன்புதான், சூயசுக்காக எகிப்தின் மீது குண்டு வீசியவை! எகிப்து இறையாண்மை கொண்ட நாடு. கோவாவிலோ மிதிக்கப்பட்டது லிஸ்பனின் பிடியேயன்றி, மக்களின் இறையாண்மையன்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. இணைப்பைப் பற்றிக் கோவா மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. நடத்தியிருந்தால் நம் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும். மகாராட்டிரத்துடன் சேர வேண்டுமா என்று 1967-இல் கேட்டபோது, வேண்டாமென்று தெளிவாகச் சொன்னவர்கள் அம்மக்கள்.

'கடல்கடந்த' என்னும் சொல் இன்றும் ஓயவில்லை. நம் கடலுக்குத் தெற்கே சாகோசு தீவுகளை, 1965-இல், மொரீசியசுக்கு விடுதலை தருமுன்னரே பிரிட்டன் வெட்டியெடுத்துக் கொண்டது. குடிமக்களை 1973-க்குள் அகற்றிற்று. டீகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் எழுந்தது. 2001-இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003-இல் ஈராக் மீதும் குண்டு வீசிய விமானங்கள் அங்கிருந்து பறந்தன. ஒரு கடல்கடந்த பகுதி, பிற நாடுகளைத் தாக்கும் ஏணியாயிற்று!

2019-இல் உலக நீதிமன்றம், பிரிட்டன் வெளியேற வேண்டுமென்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் கையெழுத்தான உடன்பாடு இறையாண்மையை மொரீசியசுக்கு என்கிறது. தளத்தையோ 99 ஆண்டுக் குத்தகைக்கு என்கிறது. கடலையும் தென்னையையும் நம்பி அங்கே வாழ்ந்தவர்கள் டீகோ கார்சியாவில் மீண்டும் குடியேற அதில் வழியில்லை. படகும் வலையுமாய் வாழும் இக்குப்பத்து மக்களே, அது என்ன இறையாண்மை என்று நீங்கள் கேளுங்கள்.