உணவுக் காவல் பண்ணையில் தொடங்கட்டும்

(‘நாட்டின் உணவுக்கு யார் காவல்?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் கிடங்கைப் பற்றிச் சொன்னார். அரிசி இறக்குமதியாளர்கள் தாங்கள் மாதந்தோறும் கொண்டுவரும் அளவைப்போல் இரு மடங்கை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்னும் சிங்கப்பூர் விதியை நினைவூட்டினார். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதையும் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டில் நமக்கு வந்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. ஈரச்சந்தைகளில் கோழி வியாபாரிகள் பலர் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். ஆனாலும் நாம் பட்டினி கிடக்கவில்லை. பிரேசிலிலிருந்து உறைய வைத்த கோழி வந்தது. அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் இந்தோனீசியாவிலிருந்தும் கோழி வர வழி பிறந்தது. பல நாடுகளிலிருந்து வாங்கு, கையிருப்பு வைத்துக்கொள் என்று நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அது, விற்பவர் ‘இல்லை’ என்று கைவிரிக்கும்போது உதவும் ஏற்பாடு. வந்து சேர்ந்த உணவிலேயே கேடு இருந்தால்? அது கேடு என்று யாருக்கும் தெரியாமலே சந்தைவரை வந்துவிட்டால்? இந்தக் கேள்விக்குக் கிடங்கு பதில் சொல்லாது. நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998 செப்டம்பர் மாதம். பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், சிலருக்கு நினைவு தப்பிப்போனது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது கொசுவால் பரவுவது. ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

பண்ணைக்காரர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. பன்றிகள் இருமின. சாதாரண இருமல் அல்ல, நாய் குரைப்பதுபோல், தொலைவிலிருந்தே காதில் விழும் இருமல். ஆனால் செத்த பன்றிகள் குறைவு. மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது பன்றியின் இருமலை யார் எண்ணிப் பார்ப்பார்?

அப்போதுதான் பெரிய தவறு நடந்தது. பேராக்கில் அச்சம் பரவியதும் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். லாரிகளில் ஏறிய அந்தப் பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பயணம் செய்தது. நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்றான புக்கிட் பிளாண்டோக்கில் அது தீயாய்ப் பிடித்தது. அந்த விற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடன் வாங்கி வளர்த்த மந்தை. ‘என் பன்றிக்கு நோய்’ என்று வாய் திறந்தால் மறுநாள் கொட்டகை காலி. வாயை மூடிக்கொண்டால் பாதிப் பணமாவது தேறும். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்?

1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், இது இதுவரை யாரும் அறியாத கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்து நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி என்பதால் நிப்பா என்று பெயர் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். சீனப் பண்ணையாளர்களோடு நம் இந்தியத் தொழிலாளர்களும் அதில் உண்டு. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்று புதைக்க இராணுவம் இறங்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூர் என்ன ஆயிற்று? மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேருக்கு அதே மாதம் நோய் கண்டது. ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே மலேசியப் பன்றிக்குக் கதவு சாத்தப்பட்டது. கடற்பாலத்தில் காவல் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் எதைத் தேடுவது என்று அந்தக் காவலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இது இயற்கையாய் வந்த நோய்தானே, இதைப் பாதுகாப்பு மிரட்டல் என்று பேசலாமா என்று அம்மையார் சற்று முன் கேட்டார்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்று ஒரு சிற்றூர். 1984இல் அங்கே பத்து உணவகங்களில் சாப்பிட்ட 751 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ரஜ்னீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், உள்ளூர்த் தேர்தலில் எதிர்த்து வாக்களிப்பவர்களைப் படுக்கையில் தள்ளத் திட்டமிட்டார்கள். அதற்கு ஒத்திகையாகப் பச்சைக் காய்கறித் தட்டுகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. ஆனால் முதலில் விசாரித்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சமையல் ஊழியர்களின் கை சுத்தமில்லை என்றார்கள். உண்மை வெளியே வர ஓராண்டு ஆயிற்று, அதுவும் ஆசிரமத்துக்குள்ளேயே சண்டை வந்ததால்!

ஆகவே அம்மையாருக்கு என் பதில் இதுதான். சதியும் நோயும் முதல் நாளில் ஒரே முகத்தோடுதான் வரும். எது எது என்று பிரிப்பது பிறகு. முதல் நாளில் வேண்டியது, ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று அச்சமின்றிச் சொல்லும் ஒருவர்.

சொல்லாமல் போனதற்கு என்ன விலை? பிரிட்டனைக் கேளுங்கள். 2001 பிப்ரவரியில் எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றில் பன்றிகளுக்குக் கோமாரி இருப்பதைப் பார்த்தார்கள். தடம் பிடித்துப் போனால், வடக்கே ஒரு பண்ணையில் பல நாளாகவே நோய் இருந்திருக்கிறது. அங்கிருந்து யாரும் தகவல் சொல்லவில்லை. அதற்குள் சந்தைகள் வழியே செம்மறி ஆடுகள் நாடெங்கும் அதைக் கொண்டுபோயிருந்தன. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

கணினி வழியே வரும் தாக்குதலும் உண்டு. 2021 மே மாத இறுதியில் ஜேபிஎஸ் என்னும் உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனத்தின் கணினிகளை முடக்கி, 1 கோடியே 10 லட்சம் டாலர் பிணைத்தொகை வாங்கினார்கள். அதைக் கணினி தெரிந்தவர்கள் விளக்குவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் கதை. நிப்பாவுக்குப் பிறகு பாத்தாம் பக்கத்திலுள்ள புலாவ் புலான் தீவிலிருந்து உயிர்ப் பன்றி வாங்கினோம். 2023 ஏப்ரலில் அந்தப் பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பது கண்டறியப்பட்டது. மனிதனுக்கு ஒட்டாத நோய், கவலையில்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பு உடனே இறக்குமதியை நிறுத்தியது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் எங்கே கண்டறிந்தார்கள்? இங்கே, நம் இறைச்சிக்கூடத்தில். கடல் தாண்டி வந்து சேர்ந்த பிறகு.

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அப்படியென்றால் நம் முதல் காவல்காரர் உட்லண்ட்ஸில் நிற்கும் அதிகாரி அல்லர். ஜோகூரில் கோழிக்குத் தீனி வைப்பவர், கேமரன் மலையில் கீரைக்கு மருந்தடிப்பவர், லிம் சூ காங்கில் முட்டை பொறுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி. அந்தத் தொழிலாளி காலையில் கொட்டகைக்குள் போகிறார். நேற்று இரண்டு கோழி செத்துக் கிடந்தது, இன்று இருபது. அவர் யாரிடம் சொல்வார்? முதலாளியிடம் சொன்னால், ‘வெளியே பேசாதே’ என்பாரோ? வேலை போய்விடுமோ? வேலை போனால் வேலை அனுமதி அட்டையும் போகும், ஊரில் வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

நெதர்லாந்தில் ஒரு முறை இருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்காக அழிக்கும்போது, நோய் இல்லாத கோழிக்கு முழு விலை, நோய் கண்டதற்குப் பாதி விலை, ஏற்கெனவே செத்ததற்கு ஒன்றுமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சீக்கிரம் சொன்னவனுக்குப் பணம், மறைத்தவனுக்கு நட்டம். பேராக்கில் அன்று இப்படி ஒரு வாக்குறுதி முதல் வாரத்திலேயே இருந்திருந்தால் அந்த லாரிகள் தெற்கே புறப்பட்டிருக்குமா? இழப்பீடு பிறகு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு கொடுத்தார்கள்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் உணவுப் பாதுகாப்புக்கென்றே ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் அந்தச் சட்டத்தை வரவேற்கிறேன். அதோடு இரண்டு சேர வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன். நமக்கு உணவு அனுப்ப அங்கீகாரம் பெறும் வெளிநாட்டுப் பண்ணையில் கட்டடத்தையும் தண்ணீரையும் சோதிக்கும்போது, ‘நோய் என்று சொன்னால் உனக்கு யார் பணம் தருவார்?’ என்ற கேள்வியையும் கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தப் பண்ணை மறைக்கும். அடுத்து, தொழிலாளி நேரடியாகக் கூப்பிட ஒரு தொலைபேசி எண். தமிழிலும் வங்காளத்திலும் பர்மிய மொழியிலும் எடுத்துப் பேச ஆள் வேண்டும். கூப்பிட்டவர் பெயர் முதலாளிக்குப் போகக்கூடாது. அந்த எண்ணைக் கொட்டகைக் கதவில், அவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் தலைவர் அவர்களே.