விண்மீன் திரள்களின் மெய்ப்பாடு



மெய்ப்பாடு எட்டு எனத் தொல்காப்பியம் வகுக்கும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. ஆயினும் கண்ணீரை மட்டும் கண்டு, அது அழுகையால் வந்ததா, உவகையால் வந்ததா எனத் துணிதல் அரிது. இலக்கியம் பயின்றோர் நன்கறிந்த இச்சிக்கல் வானியலார்க்கும் உண்டு.

1983 சனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகியவை இணைந்து 'ஐராஸ்' என்னும் செயற்கைக்கோளை ஏவின. வெப்பத்தை உணர்த்தும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு பத்துத் திங்கள் அது வானைத் துழாவிற்று. கண்ணுறும் ஒளியில் மங்கித் தோன்றும் சில விண்மீன் திரள்கள், அகச்சிவப்பில் கதிரவனைப்போல் இலட்சம் கோடி மடங்குக்கு மேல் ஒளிர்வதை அது காட்டிற்று. இவற்றுட் பெரும்பாலானவை ஒன்றோடொன்று மோதிக் கலப்பவை. மோதலில் வாயுவும் தூசும் நடுவே குவிகின்றன. உள்ளெழும் ஒளியைத் தூசு விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாக உமிழ்கிறது.

உள்ளே எரிவது எது? புதிய விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறப்பதாலும் அவ்வெப்பம் எழலாம்; பெருங்கருந்துளை ஒன்று வாயுவை ஈர்த்து விழுங்குவதாலும் எழலாம். கண்ணீர் ஒன்று, காரணம் இரண்டு.

இங்கே இரண்டாவது சாட்சியாக வருவது எக்ஸ் கதிர். கருந்துளையை நெருங்கும் வாயு கடுஞ்சூடேறும்போது பிறக்கும் வலிய எக்ஸ் கதிர்கள், தடித்த தூசுத்திரையையும் ஊடுருவ வல்லவை. ஆனால் அவற்றைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. காவலூர் மலையில் எத்துணைப் பெரிய தொலைநோக்கியை நிறுவினும் அவை புலப்படா. கருவியே விண்ணுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாறு 1999 சூலை 23 அன்று சென்ற தொலைநோக்கியின் பெயர் 'சந்திரா'. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பெற்ற பெயர் அது. அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன் வெண்குறுமீனாக அடங்கி நில்லாது என்ற சந்திரசேகரின் முடிவை, 1935இல் இலண்டன் அறிஞர் அவையில் எடிங்டன் எள்ளினார். ஐராஸ் பறந்த அதே 1983இல் சந்திரசேகர்க்கு நோபல் பரிசு கிட்டிற்று. கருந்துளை பற்றிய எண்ணத்திற்கு வழி திறந்தவரின் பெயரைத் தாங்கிய கருவியே கருந்துளைகளைத் தேடிற்று.

சுமார் 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில், முற்கூறிய பேரொளி எல்லையை ஏறக்குறைய எட்டி நிற்பது என்.ஜி.சி. 6240 என்னும் திரள். அதன் நடுவில் ஒன்றன்று, இரண்டு பெருங்கருந்துளைகள் உள்ளமையைச் சந்திரா காட்டியதாக 2002இல் அறிவிக்கப்பெற்றது. வலிய எக்ஸ் கதிர்களும், இரும்பு அணுக்கள் உமிழும் தனி முத்திரையும் சான்றாயின.

25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 220இன் நிலை வேறு. அங்கிருந்து வந்த வலிய எக்ஸ் கதிர் மிகக் குறைவு. வெப்பம் முழுவதும் விண்மீன் பிறப்பால் எழுந்ததா? அன்றி, எக்ஸ் கதிரையும் மறைக்கும் அளவுக்கு வாயு குவிந்து கருந்துளையை மூடியுள்ளதா? சாட்சி பேசாதபோது, 'இல்லை' என அறிஞர் தீர்ப்பளித்துவிடவில்லை; தேடல் தொடர்கிறது.

கவிஞர்க்கும் உரையாசிரியர்க்கும் இதிற் கொள்ளத்தக்கது உண்டு. விண்மீனைக் கண்சிமிட்ட வைத்து நின்றுவிடும் கவிதை, வானின் மெய்ப்பாட்டை மட்டுமே பாடுகிறது. உள்ளெரியும் பொருளைத் தேடவில்லை. ஒரு சொல்லை மட்டும் பற்றிப் பாட்டின் உள்ளத்தைத் துணியும் உரையும் அத்தகையதே.

முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை விதிகளைக் கல்லிற் பொறித்த ஊர் உத்திரமேரூர். குடத்துள் இருக்கும் பெயரை வெளியே நின்று ஊகித்து இவ்வூரார் உறுப்பினரைத் தேர்ந்தாரில்லை. ஓலையை எடுத்து, அவையறியப் படித்த பின்னரே தேர்ந்தனர். பாட்டிற்குப் பொருள் காண்பார்க்கும் அப்பொறுமை வேண்டும்.